அடியில் மிஞ்சிய எல்.என்.ஜி: போலார் அலாஸ்காவும் கெரவலப்பிட்டியக் கடலும்

1969 நவம்பரில் ஜப்பானுக்கு முதன்முதலாகத் திரவ இயற்கை வாயு, அதாவது எல்.என்.ஜி., வந்திறங்கியது. அலாஸ்காவின் கீனாய் பகுதியிலிருந்து யோக்கோஹாமாவுக்குப் பக்கத்திலுள்ள நெகிஷிக்கு அதைச் சுமந்துவந்த கப்பலின் பெயர் போலார் அலாஸ்கா. சுவீடனில் மால்மோ நகரின் கொக்கும்ஸ் தளத்தில் கட்டப்பட்டது. கொள்ளளவு 71,500 கன மீற்றர். அதே தளத்தில் அதே அளவில் இறங்கிய உடன்பிறப்பு ஆர்க்டிக் டோக்கியோ. இரண்டு கப்பல்களிலும் குளிர்த்திரவத்தைத் தொட்டுக்கொண்டு நின்றது, ஒரு மில்லிமீற்றர் தடிப்புக்கூட இல்லாத இன்வார் தகடு. 36 வீதம் நிக்கல் கலந்த இந்த உருக்கு குளிரில் சுருங்குவதே இல்லை என்று சொல்லலாம். தகட்டுக்குப் பின்னால் ஒட்டுப்பலகைப் பெட்டிகள், அவற்றுக்குள் பேர்லைட் துகள். அதற்குப் பின்னால் இன்னொரு இன்வார் தகடு, மறுபடி பெட்டிகள், கடைசியாகத்தான் கப்பலின் உடல்.

1969இலேயே போலார் அலாஸ்காவின் முதலாம் இலக்கத் தாங்கிக்குள் கோளாறு நடந்தது. தாங்கி நிறைந்திருந்தபோதல்ல, அடியில் கொஞ்சமே கிடந்தபோது. எல்.என்.ஜி. மறை 162 பாகை செல்சியஸில் இருப்பது. சரக்கை இறக்கிய பிறகு தாங்கியைத் துடைத்து வைத்தால் அது சூடேறிவிடும். அடுத்த முறை ஏற்றுமுன் மெல்ல மெல்ல மீண்டும் குளிரவைக்க வேண்டும், நாள் போகும். அதனால் திரும்பும் பயணத்துக்கென்று அடியில் கொஞ்சம் விட்டுவைப்பார்கள். கப்பல்காரர் இதை ஹீல் என்பார்கள். அந்த ஹீல் முன்னும் பின்னும் அலைந்து, சரக்குப் பம்பிகளுக்கான மின்வடத் தட்டைத் தாங்கிநின்ற பிடிகளில் சிலவற்றைப் பிடுங்கிவிட்டது. கழன்ற இரும்பு இன்வார் தகட்டைப் பல இடங்களில் துளைத்தது. இரண்டு தகடுகளுக்கும் இடைப்பட்ட வெளிக்குள் எல்.என்.ஜி. கசிந்தது.

1971இல் ஆர்க்டிக் டோக்கியோ. அதே முதலாம் இலக்கத் தாங்கி, அதே ஹீல், மோசமான காலநிலை. இந்த முறை கழன்ற இரும்பு எதுவும் இல்லை. அலை நேராகவே அடித்துத் தகட்டையும் அதன் பின்னாலிருந்த பெட்டிகளையும் நசுக்கியது. ஓரிடத்தில் கசிவு.

இரண்டிலும் வாயு வெளியே போகவில்லை. இரண்டாம் தகடு தன் வேலையைச் செய்தது. உயிர்ச்சேதம் இல்லை, தீ இல்லை. செய்தியாகப் பெரிதாகப் பேசப்பட ஒன்றுமில்லை. ஆனால் கப்பல் தாங்கித் தளும்பல் பற்றிய ஆய்வுக் கட்டுரைகளைப் புரட்டினால் இந்த இரு பெயர்களும் திரும்பத் திரும்ப வரும்.

எனக்கு இரண்டில் முதலாவதுதான் கூடுதலாகக் கற்பிப்பதாகப் படுகிறது. ஆர்க்டிக் டோக்கியோவின் சேதத்தைக் கேட்டால் சுவரைத் தடிப்பாக்கு, பெட்டியைப் பலப்படுத்து என்று உடனே சொல்லிவிடலாம். போலார் அலாஸ்காவில் தோற்றது சுவர் அல்ல, சுவருக்குள் நின்ற ஒரு துணைப்பொருள். அலையின் விசைக்குத் தாக்குப்பிடிக்காத ஒரு வடத்தட்டு. இப்படி மெல்லிய தகட்டை உட்சுவராகக் கொண்டவற்றை மெம்பிரேன் கப்பல் என்பார்கள். இன்றைய மெம்பிரேன் கப்பலின் தாங்கிக்குள் தலையை விட்டுப் பார்த்தால் கிட்டத்தட்ட வெறும் மண்டபம்தான். பம்பிகள், குழாய்கள், வடங்கள் எல்லாம் பின்சுவரை ஒட்டி நிற்கும் ஒரே கோபுரத்தில் கட்டப்பட்டிருக்கும். அந்தக் கோபுரத்துக்குத் தளும்பல் விசையைத் தனியாகக் கணக்கிட்டுத்தான் அனுமதி கொடுக்கிறார்கள்.

மண்டபம் ஏன் வெறுமையாக இருக்கவேண்டும் என்று கேட்பது நியாயம். பெற்றோல் பவுசருக்குள் தடுப்புத் தகடுகள் உண்டு. மசகெண்ணெய்க் கப்பலிலும் நீளவாக்கில் சுவர்கள், துளையிட்ட தடுப்புகள் என்று தாங்கியைப் பிரித்து வைத்திருப்பார்கள். மெம்பிரேன் தாங்கியில் அது முடியாது. தடுப்பை எங்கே பொருத்துவது? மெல்லிய தகட்டில் எதையும் ஏற்றிப் பற்றவைக்க இயலாது. தகட்டைத் துளைத்துக் கப்பல் உடலோடு இணைத்தால் அந்த வழியே குளிர் கடத்தப்பட்டு உருக்கு நொறுங்கும் நிலைக்கு வந்துவிடும். கோள வடிவ மொஸ் தாங்கிகளில் இந்தத் தலையிடி பெரிதாக இல்லை, வளைந்த சுவரில் அலைக்கு மோதத் தட்டையான முகம் கிடைப்பதில்லை. ஜப்பானியரின் எஸ்.பி.பி. தாங்கியில் உள்ளேயே தடுப்புகள் உண்டு. ஆனால் ஒரே உடலுக்குள் கூடுதலாக ஏற்றலாம், செலவும் வாய்க்கும் என்பதால் உலகம் மெம்பிரேன் பக்கமே சாய்ந்துவிட்டது. பிரான்சின் இரு போட்டிக் கம்பனிகள், காஸ்ட்ரான்ஸ்போர்ட்டும் டெக்னிகாஸும், 1994இல் ஒன்றாகி ஜி.டி.டி. ஆன பிறகு இந்தச் சந்தையில் அவர்களுக்கு நிகராக ஆளில்லை.

தாங்கிக்குள் கிடக்கும் திரவத்துக்குத் தன்பாட்டில் ஆடும் ஓர் அலைவுகாலம் இருக்கிறது. உயர்தரத்தில் பரிவு படித்தவருக்கு மிச்சம் விளங்கிவிடும்: வெளியாட்டம் அதே தாளத்தில் வந்தால் வீச்சம் ஏறிக்கொண்டே போகும். அந்த அலைவுகாலத்தைத் தீர்மானிப்பவை இரண்டு, தாங்கியின் அகலமும் திரவத்தின் ஆழமும். உள்ளே இருப்பது எது என்பது பொருட்டில்லை, தண்ணீரானாலும் எல்.என்.ஜி.யானாலும் தேங்காயெண்ணெயானாலும் கிட்டத்தட்ட ஒரே நேரம்தான்.

38 மீற்றர் அகலமும் 27 மீற்றர் உயரமும் உள்ள ஒரு தாங்கியை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். உண்மையான தாங்கிகளில் மேல் மூலையும் கீழ் மூலையும் சரித்து வெட்டப்பட்டிருக்கும், தளும்பலைக் குறைப்பதும் அதன் நோக்கங்களில் ஒன்று. எளிமைக்காக நான் செவ்வகமாகவே எடுத்துக்கொண்டேன். உயரத்தில் 10 வீதம் திரவம் இருந்தால் ஒரு முழு ஆட்டத்துக்கு ஏறத்தாழ 15 செக்கன். 30 வீதத்தில் 9 செக்கன். பாதி நிறைந்தால் 7.8. 70 வீதத்தில் 7.3. பாதிக்கு மேலே போன பிறகு எண் அவ்வளவாக அசைவதில்லை. அடிப்பக்கத்தில்தான் ஓட்டம் முழுதும்.

கடலலைகளின் அலைவுகாலம் எங்கே விழுகிறது? காற்றெழுப்பும் கிட்டத்து அலைகள் 5 முதல் 8 செக்கன், தூரத்துப் புயல் அனுப்பும் நெட்டலைகள் 10 முதல் 15 செக்கனும் அதற்கு மேலும். தாங்கியின் அலைவுகாலங்களும் கடலின் அலைவுகாலங்களும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடக்கின்றன. பெரிய கப்பல் கட்டக் கட்டத் தாங்கியும் அகன்றது. அகல அகலத் தாங்கியின் தாளம் கடலின் தாளத்துக்குள் இறங்கிவந்தது. இப்போதைய வழக்கமான கப்பல் 174,000 கன மீற்றர் கொள்ளும், நான்கே தாங்கிகளில்.

இதனால்தான் கப்பல்களைச் சோதித்துச் சான்றளிக்கும் வகைப்படுத்தல் சங்கங்கள் ஒரு தடை வலயம் வகுத்திருக்கின்றன. கப்பலுக்குக் கப்பல் கொஞ்சம் மாறும் என்றாலும், பொதுவாக உயரத்தில் 10 வீதத்துக்குக் கீழே அல்லது 70 வீதத்துக்கு மேலே வைத்துக்கொண்டுதான் திறந்த கடலுக்குப் போகலாம். இடைநடுவே கூடாது. நிறைகுடம் தளும்பாது என்பது இங்கே முழுவதும் சரியில்லை. நிறைந்த தாங்கியிலும் அலை எழும்பிக் கூரையின் மூலையில் முட்டும். என்ன, மேலே போக இடம் குறைவென்பதால் வேகம் எடுக்க முடியாது. போலார் அலாஸ்காவையும் ஆர்க்டிக் டோக்கியோவையும் அடித்தது அடியில் கிடந்த கொஞ்சம்தான் என்பதால் மறுகோடியும் முற்றாகப் பாதுகாப்பானதல்ல. ஆழம் குறைந்தால் திரவம் மொத்தமாக ஆடாது. செங்குத்து முகப்போடு ஒற்றை அலையாகத் தரையில் ஓடி எதிர்ச்சுவரில் மோதும். இரண்டு மீற்றர் ஆழத்தில் அந்த அலைமுகப்பு செக்கனுக்கு 4.4 மீற்றர் வேகத்தில் போகும். முதலாம் இலக்கத் தாங்கி கப்பலின் மூக்கருகே இருப்பதால் அதற்கு முன்பின் ஆட்டம் மற்றத் தாங்கிகளைவிடக் கூட. இரண்டு சம்பவங்களும் அதே தாங்கியில் நடந்ததில் வியப்பில்லை.

வெள்ளவத்தையில் இருக்கும் ஓய்வுபெற்ற கப்பல் பொறியியலாளர் ஒருவரிடம் இதைப் பற்றிக் கதைத்தேன். வாயுக் கப்பல்களில் ஓடியவர், ஊர் வடமராட்சி.

"அண்ணை, அரைத் தாங்கியோட கடலுக்குப் போனதுண்டோ?"

"விசர்க் கதை கதைக்காதை தம்பி. விடமாட்டினம். முழுக்க இருந்தாலும் பிரச்சினையில்லை, காலியா இருந்தாலும் பிரச்சினையில்லை. அரைகுறையா இருந்தால்தான் கரைச்சல். ஏத்திக்கொண்டு நிக்கேக்கை காலநிலை கெட்டுத் துறைமுகத்தை விட்டு வெளிக்கிடச் சொன்னால்... அந்த நேரம்தான் கப்டனுக்கு வேர்க்கும்."

அந்தக் கடைசி வரியைக் குறித்துவைத்துக்கொண்டேன். கொழும்புக்கு அதுதான் பொருந்தும்.

அலை சுவரில் மோதும்போது நடப்பதைப் பார்க்க ஆய்வுகூடம் தேவையில்லை. ஜூன், ஜூலையில் காலிமுகத்திடலில் கடலோரச் சுவரை ஒட்டி அரைமணி நேரம் நின்றால் போதும். சில அலைகள் முன்னாலேயே உடைந்து நுரையாக வந்து சீறிவிட்டு அடங்கும், சத்தம் பெரிது, அடி சிறிது. சில உடையாமலே சுவரில் ஏறி இறங்கும். சில சுவரைத் தொடும் கணத்தில் முகப்பு முழுதும் நிமிர்ந்து, மோதலே இல்லாததுபோல ஒரு மெல்லிய நீர்த்தாரையை நேரே வானத்துக்கு எறியும். சில தலை கவிழ்ந்து, சுவருக்கும் தமக்கும் இடையில் காற்றைப் பொதியாகப் பிடித்துக்கொள்ளும். அப்போதுதான் அந்த 'டொம்'. கவிந்த அலைக்குள் அகப்பட்ட காற்று நசுங்கி, விரிந்து, மறுபடி நசுங்குகிறது. எல்.என்.ஜி. தாங்கிக்குள்ளும் இதே வகைகள்தான். தளும்பல் ஆய்வாளர் தங்கள் வகைப்பிரிப்பைப் பெரும்பாலும் அலைதாங்கி, அதாவது துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர், கட்டுபவரிடமிருந்தே கற்றுக்கொண்டார்கள்.

கொழும்புத் துறைமுகமே அப்படியொரு சுவரால் பிறந்தது. தென்மேற்குப் பருவக்காற்றில் கப்பல் நிற்க முடியாத திறந்த நங்கூரத் தளமாக இருந்த இடம். 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் வந்து தென்மேற்கு அலைதாங்கிக்கு அடிக்கல் வைத்தார், 1885இல் அது முடிந்தது. அத்தகைய சுவர்களில் அலை கொடுக்கும் அமுக்கத்தை அளக்க முயன்றவர்களில் முக்கியமானவர் பாக்னோல்ட். லிபியப் பாலைவன மணற்குன்றுகளில் கார் ஓட்டித் திரிந்த அதே ஆங்கிலேயர்தான். அலைத்தொட்டியில் ஒரே அலையை மறுபடி மறுபடி உண்டாக்கிச் சுவரில் மோதவிட்டு 1939இல் எழுதினார்: உச்ச அமுக்கம் ஒவ்வொரு தடவையும் தாறுமாறாக மாறுகிறது, ஆனால் அமுக்கத்தை நேரத்தால் கூட்டிவரும் மொத்தக் கணத்தாக்கு அவ்வளவு மாறுவதில்லை.

எண்பது ஆண்டுக்கு மேலாகியும் தளும்பல் ஆய்வு இந்த இடத்தைச் சுற்றியே நிற்கிறது. மாதிரித் தாங்கியை ஆறுகால் மேடையில் ஏற்றி, கணினி கட்டுப்படுத்தும் ஒரே ஆட்டத்தைப் பல தடவை ஓட்டினாலும், ஒரே உணரி ஒவ்வொரு தடவையும் வேறு வேறு உச்சத்தைக் காட்டும். அலை சுவரை நெருங்கும்போது முன்னாலிருக்கும் வாயு பிதுங்கி வெளியேறுகிறது. அந்த வேகமான வாயு அலைமுகட்டைக் கிழித்துத் துணுக்குகளாக்குகிறது. மில்லிமீற்றர் அளவு வித்தியாசம், அமுக்கத்தில் மடங்குக் கணக்கில் வந்து நிற்கும். அந்த உச்சம் நீடிப்பது சில மில்லிசெக்கன், தொடும் பரப்பும் சிறியது. ஆகவே "இந்தத் தாங்கியின் அதிகூடிய அமுக்கம் எவ்வளவு?" என்பதற்கு ஓர் எண்ணைச் சொல்லிவிட முடியாது. மணிக்கணக்கில் ஓட்டி, நூற்றுக்கணக்கான மோதல்களைப் பிடித்து, புள்ளிவிபர வளையியைப் பொருத்தித்தான் சொல்லவேண்டும். பொறியியல் என்றால் உறுதியான எண் என்று நினைப்பவர்களுக்கு இது கசப்பாக இருக்கும்.

அளவுமாற்றம் இன்னொரு தலையிடி. மாதிரி பெரும்பாலும் 1:40 அளவில் இருக்கும், உள்ளே தண்ணீர். நேரம் 40இன் வர்க்கமூலத்தால் சுருங்கும். கடலில் 10 செக்கன் ஆட்டம் மேடையில் 1.6 செக்கன் ஆகிவிடும். அமுக்கத்தை 40ஆல் பெருக்கி, எல்.என்.ஜி. தண்ணீரில் பாதிக்கும் குறைந்த அடர்த்தி என்பதால் 0.45ஆல் மறுபடி பெருக்கினால் 18 மடங்கு. மாதிரியில் ஒரு பார் என்றால் கப்பலில் 18 பார் என்று எழுதிவிடலாமா? எழுதலாம், ஆனால் அகப்பட்ட வாயு இந்த விதிக்குக் கட்டுப்படாது. காற்றின் அமுங்கும் தன்மை மாதிரிக்கென்று சுருங்குவதில்லை. தண்ணீர்–காற்று அடர்த்தி விகிதம் 0.0012, எல்.என்.ஜி.க்கும் அதன் ஆவிக்கும் இடையில் அது 0.004 அளவில், மூன்று மடங்குக்கு மேல். இதைச் சரிக்கட்ட மாதிரித் தாங்கிக்குள் காற்றை எடுத்துவிட்டு, சல்பர் ஹெக்ஸாபுளோரைட்டையும் நைதரசனையும் கலந்து நிரப்புகிறார்கள். விகிதம் பொருந்திவிடுகிறது. சல்பர் ஹெக்ஸாபுளோரைட்டு காபனீரொட்சைட்டைவிட இருபதாயிரம் மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கவல்லது என்பதையும் சொல்லாமல் விட மனமில்லை. "தூய எரிபொருள்" என்று விற்கப்படுவதன் பாதுகாப்பைச் சோதிக்கத்தான் இந்த ஏற்பாடு.

மாதிரியை நம்பாவிட்டால் முழு அளவிலேயே அடித்துப் பார்க்கவேண்டும். ஸ்லோஷெல் என்ற கூட்டாய்வு அதைத்தான் செய்தது. நெதர்லாந்தின் அப்போதைய டெல்டா தொட்டி 240 மீற்றர் நீளமும் 5 மீற்றர் அகலமும் 7 மீற்றர் ஆழமும் கொண்டிருந்தது, அணைகளையும் கரைகளையும் சோதிப்பதற்கென்று கட்டப்பட்டது. அதன் குறுக்கே ஒரு சுவர் எழுப்பி, அதில் உண்மையான கப்பல் தாங்கிக் காவலித் துண்டுகளையே பதித்து, ஒன்றையொன்று துரத்தி வரும் அலைகள் சரியாகச் சுவரருகே ஒன்றுசேர்ந்து கவியும்படி இயக்கினார்கள். இன்வார்–பெட்டி வகையும், மார்க் மூன்று என்கிற மற்ற வகையும் பரீட்சிக்கப்பட்டன. மார்க் மூன்று 1.2 மில்லிமீற்றர் துருப்பிடியா உருக்கு. குளிரில் சுருங்கும்போது இழுபடாமல் இருக்கத் தகடு முழுதும் மடிப்பு மடிப்பாக மேடுகள் ஓடும், ஒரு மேட்டிலிருந்து அடுத்ததற்கு 340 மில்லிமீற்றர். வெறும் கண்ணுக்கு அலங்காரம்போல இருக்கும் அந்த மேடுகள்தான் அலையின் பாதையில் முதலில் நிற்கின்றன. தாரை மேலேறும்போது ஒவ்வொரு மேட்டிலும் முட்டி, திரும்பி, வாயுவைச் சிறு சிறு பொதிகளாக அடைத்துவிடுகிறது. தட்டைச் சுவர் வைத்த மாதிரிகள் இதை எப்படிக் காட்டும்?

இதற்கும் அப்பால் ஒன்று உண்டு. எல்.என்.ஜி. தாங்கிக்குள் எப்போதும் கொதிநிலையின் விளிம்பிலேயே இருக்கிறது, மேலே நிற்பது காற்றல்ல, அதன் சொந்த ஆவி. அலை கவிந்து அந்த ஆவியை நசுக்கினால் ஒரு பகுதி திரவமாக மாறிவிடும். மெத்தைபோல எதிர்த்து நிற்கவேண்டிய பொதி அடிபடும்போதே கரைகிறது. நெதர்லாந்தின் மாரின் நிறுவனம், உள்ளே அமுக்கத்தையும் வெப்பநிலையையும் வேண்டியபடி மாற்றக்கூடிய மூடிய உருளைக்குள் அலைத்தொட்டி ஒன்றை வைத்திருப்பது இதற்காகவே: நீரையும் நீராவியையும் கொதிநிலையிலேயே நிறுத்தி அலையை மோதவிடலாம். இங்கே இயற்பியல் இன்னும் முடிவுக்கு வந்துவிடவில்லை.

சரி, கொழும்புக்கு வருவோம். நகரத்துக்கு வடக்கே கெரவலப்பிட்டியவில் 300 மெகாவாற்று யுகதனவி நிலையமும், பக்கத்தில் 350 மெகாவாற்று சோபதனவியும் நிற்கின்றன. இவற்றை எல்.என்.ஜி.யில் ஓட்டவேண்டும் என்ற பேச்சு பல ஆட்சிகளைக் கண்டது. 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் நியூ ஃபோர்ட்ரெஸ் எனர்ஜியோடு செய்த உடன்படிக்கையில், கொழும்புக்கு அப்பால் கடலில் எல்.என்.ஜி.யை வாங்கிச் சேமித்து வாயுவாக்கும் முனையமும் அடங்கியிருந்தது. யுகதனவியின் 40 வீதப் பங்கு, நள்ளிரவுக் கையெழுத்து, நீதிமன்ற மனுக்கள் என்று மாதக்கணக்கில் பத்திரிகைகள் நிறைந்தன. முனையம் வரவில்லை. அந்தச் சண்டை முழுவதிலும் விலை பேசப்பட்டது, பங்கு பேசப்பட்டது, இறைமை பேசப்பட்டது. கடல் பேசப்பட்டதை நான் பெரிதாகக் காணவில்லை.

மிதக்கும் முனையம் என்பது ஒரு எல்.என்.ஜி. கப்பலேதான். நங்கூரமிட்டு நிற்கும், இன்னொரு கப்பல் வந்து அதற்குள் சரக்கை ஊற்றிவிட்டுப் போகும், அது சிறிது சிறிதாகக் கொதிக்கவைத்துக் கரைக்கு அனுப்பும். சரக்குக் கப்பலுக்கு 10க்குக் கீழ், 70க்கு மேல் என்ற விதி கட்டுப்படியாகும், ஏனெனில் அது நிறைந்தோ காலியாகவோதான் பயணம் போகிறது. முனையக் கப்பல் அப்படியல்ல. நிறைந்த நாளிலிருந்து அடுத்த கப்பல் வரும்வரை அதன் மட்டம் ஒவ்வொரு வீதமாக இறங்கிக்கொண்டே இருக்கும். மேலே சொன்ன கணக்கை மறுபடி பாருங்கள். மட்டம் 70இலிருந்து 10 வீதத்துக்கு இறங்கும்போது தாங்கியின் அலைவுகாலம் 7.3 செக்கனிலிருந்து 15 செக்கனுக்கு நகர்கிறது. வானொலிப் பெட்டியின் திருகை மெல்லத் திருப்புவதுபோல, கடல் எந்த அலைவரிசையில் பாடினாலும் இந்தத் தாங்கி ஒரு நாள் அதைப் பிடித்தே தீரும்.

மேற்குக் கரையின் கடல் இரண்டு குரலில் பாடுகிறது என்பது இன்னும் சிக்கல். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று எழுப்பும் குறுகிய, கரடான அலை. அதற்கடியில், தென்பெருங்கடலின் புயல்கள் ஆயிரக்கணக்கான கிலோமீற்றருக்கு அப்பாலிருந்து அனுப்பும் நெட்டலை. இது ஆண்டு முழுதும் வரும், காற்றே இல்லாத நாளிலும் வரும். மூக்கில் மட்டும் கட்டிய கப்பல் காற்றைப் பார்த்துத் திரும்பி நிற்கும். காற்று மேற்கிலிருந்தும் நெட்டலை தெற்குப் பக்கமிருந்தும் வந்தால் நெட்டலை விலாவில் ஏறும், கப்பல் பக்கவாட்டில் உருளும். 38 மீற்றர் அகலத் தாங்கிக்கு அதுதான் கெட்ட திசை. இந்தக் கடல் என்ன செய்யும் என்பது நமக்குப் புதிதல்ல. நுரைச்சோலைக்கு வரும் நிலக்கரியைப் பருவக்காற்று மாதங்களில் இறக்குவதில்லை, அதற்கு முன்பே கொண்டுவந்து குவித்துவைப்பதுதான் வழக்கம். நிலக்கரியைக் குவித்துவைக்கலாம். எல்.என்.ஜி.யைக் குவிக்க இடமே அந்த மிதக்கும் கப்பல்தான்.

பொறியியலில் வழி இல்லாமலில்லை. காவலி நுரையின் அடர்த்தியைக் கூட்டலாம், மடிப்பு மேடுகளுக்கு உள்ளே தாங்குதுண்டு வைக்கலாம்; எல்லா மட்டத்துக்கும் அனுமதி பெற்ற கப்பல்கள் இப்படித்தான் கட்டப்படுகின்றன. இன்னும் அடிப்படையான வழி, தாங்கியை நடுவில் பிரித்து இரண்டு வரிசையாக்குவது. அவுஸ்திரேலியாவுக்கு அப்பால் நிற்கும் 488 மீற்றர் நீள பிரெலூட் அப்படித்தான் அமைந்தது. அகலம் 19 மீற்றராகப் பாதியானால் என் கணக்கில் அலைவுகாலம் 10 வீதத்தில் 7.6 செக்கன், பாதி நிறைவில் 5 செக்கன். நெட்டலையின் பிடியிலிருந்து தாங்கி அப்படியே வெளியே வந்துவிடுகிறது. ஆனால் அது புதிதாகக் கட்டவேண்டியது. நம்மைப்போன்ற நாட்டுக்குக் கொடுக்க முன்வருபவர்கள் பெரும்பாலும் பழைய சரக்குக் கப்பலை மாற்றியமைத்துக் கொண்டுவருவார்கள் என்று எதிர்பார்ப்பதே புத்தி. அதன் தாங்கி ஒற்றை வரிசையாகத்தான் இருக்கும்.

கொள்கலனில் எல்.என்.ஜி. கொண்டுவரும் யோசனையும் காதில் விழுகிறது. சின்னத் தாங்கி என்றால் தளும்பலும் சின்னது, உண்மைதான். கொழும்புத் துறைமுகத்துக்குத் தாங்கிக் கொள்கலன் புதிதுமல்ல. 2021இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்த பிறகு ஐ.எம்.டி.ஜி. என்ற ஆபத்தான சரக்கு விதித்தொகுப்பின் பெயர் இங்கே சாதாரண வாசகருக்கும் தெரிந்திருக்கும். அதிலும் இதே தடை வலயம் உண்டு: சாதாரண திரவங்களை 20 வீதத்துக்கு மேல் 80 வீதத்துக்குக் குறைவாக நிரப்பி அனுப்பக்கூடாது, உள்ளே தடுப்புகள் 7,500 லீற்றருக்கு மிகாத பகுதிகளாகப் பிரித்திருந்தாலொழிய. ஆனால் 300 மெகாவாற்று நிலையத்தைக் கொள்கலன் லொறிகளால் முழுநேரமும் ஊட்டுவது வேறு கணக்கு. அதற்குள் நான் போகவில்லை.

மிதக்கும் முனையத்தில் என்னைக் கூடுதலாக உறுத்துவது முனையக் கப்பல்கூட அல்ல, அதற்குச் சரக்குக் கொண்டுவரும் கப்பல். ஒரு சரக்கு மாற்ற ஒரு நாள் அளவில் பிடிக்கும். அந்த நேரத்தில் இரண்டு கப்பல்களும் பக்கத்தோடு பக்கம் கட்டி நிற்கின்றன. ஒன்றின் மட்டம் ஏற, மற்றதன் மட்டம் இறங்குகிறது. இடைவழியில் இரண்டுமே தடை வலயத்துக்குள் இருக்கும். முனையக் கப்பலை நாம் பலப்படுத்தச் சொல்லலாம், ஒப்பந்தத்தில் எழுதலாம். வருகிற கப்பல் உலகச் சந்தையில் ஓடும் ஏதோ ஒன்று. அதன் தாங்கிக்கு அரைகுறை நிலையில் திறந்த கடலில் நிற்க அனுமதியே இல்லாமல் இருக்கலாம். மூன்றில் ஒரு பங்கு இறக்கியபோது நெட்டலை எழுந்து, குழாய்களை அவசரமாகக் கழற்றச் சொன்னால், வெள்ளவத்தை அண்ணை சொன்ன அந்தக் கப்டன் வேர்வையோடு நிற்பது இங்கேதான். கடலுக்குப் போனால் தடை வலயத்தில் போகவேண்டும். நின்றால் இரண்டு கப்பலும் மோதும்.

ஒரு அளவுக்கு இதைத் திட்டத்தால் சமாளிக்கலாம். இறக்கும்போது எல்லாத் தாங்கியையும் ஒன்றாகக் குறைக்காமல் ஒவ்வொன்றாகக் காலி செய்தால், எந்த நேரத்திலும் ஒரே ஒரு தாங்கிதான் இடைமட்டத்தில் இருக்கும். நேரம் கூடப் பிடிக்கும், கப்பலின் வளைவு விசையையும் பார்க்கவேண்டும். நெட்டலையின் உயரத்தை மட்டும் பார்க்காமல் அலைவுகாலத்தையும் பார்த்து, அன்றைக்கு எந்த மட்டம் ஆபத்தானது என்று முன்கூட்டியே அட்டவணை போடலாம். முனையம் நிற்கப்போகும் இடத்தில் அலையளவி மிதவை ஒன்றைப் போட்டு, ஒரு முழுப் பருவக்காற்றுக்காவது பதிவெடுத்தால் அந்த அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு பேசலாம். இவையெல்லாம் செலவில் பெரியவை அல்ல.

மிச்சமிருப்பது ஒதுங்குமிடம். அரைகுறைத் தாங்கியோடு ஒரு எல்.என்.ஜி. கப்பல் அவசரத்தில் அலைதாங்கிக்கு உள்ளே, கொள்கலன் முனையங்களுக்கும் நகரத்துக்கும் பக்கத்தில் வர அனுமதிப்பதா, அல்லது பருவக்காற்றின் மறைவில் கிழக்கே திருகோணமலைக்குத் திருப்பிவிடுவதா? இரண்டாவதற்கு அது தீவைச் சுற்றித் திறந்த கடலில் போகவேண்டும், தடை வலயத்தில் இருக்கும் அதே தாங்கியோடு. இதற்கான பதில் துறைமுக அதிகாரசபையின் எழுத்தில், விலைமனு கோருவதற்கு முன்பே வரவேண்டும். குழாய் கழன்ற பிறகு இரவு இரண்டு மணிக்கு வானொலியில் கேட்டுத் தெரிந்துகொள்ளும் விஷயமல்ல அது.